பட்டியும் வேட்டையும்

புறக்கோட்டையில் 120 ஆம் இலக்க பஸ் ஏறி ஹொரணையில் இறங்கி, அங்கிருந்து புளத்சிங்களப் பக்கம் போகும் இன்னொரு பஸ்ஸைப் பிடித்தால் பாஹியன் குகைக்குப் போய்ச் சேரலாம். சீன யாத்திரிகர் பாஹியன் தங்கிய இடம் என்று ஊரார் சொல்லும் கதையால் வந்த பெயர் அது. பாஹியன் இலங்கைக்கு வந்தது கி.பி. 5 ஆம் நூற்றாண்டில். குகையின் தரைக்குக் கீழே கிடைத்த மனிதத் தடங்களோ ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழையவை.

அந்த மண்ணில் நிறைந்து கிடந்தது எலும்பு. தின்றுவிட்டு எறிந்த எலும்பு. 2019 இல் ஒஷான் வெதகே தலைமையிலான குழு அவற்றை இனம் பிரித்து வெளியிட்டது. மரைக்கும் காட்டுப்பன்றிக்கும் அதில் சிறிய இடம்தான். குரங்கு, மந்தி, மலை அணில் ஆகியவற்றின் எலும்புகளே குவியலை நிறைத்திருந்தன. அவற்றிலும் குட்டிகள் குறைவு, வளர்ந்து முற்றியவை அதிகம். அகப்பட்டதை அடித்துத் தின்றவர்கள் இப்படி ஒரு குப்பையை விட்டுப்போக மாட்டார்கள். எந்த மந்தி எந்த மரத்துக்கு எப்போது வரும், கூட்டத்தில் எதைக் கொன்றால் அடுத்த ஆண்டும் கூட்டம் இருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிக் குறிவைக்க முடியும். மழைக்காட்டின் உச்சாணிக் கிளையில் தாவும் விலங்கைக் கல்லெறிந்து வீழ்த்தவும் முடியாது. அதே குகையில் கிடைத்த எலும்பு முனைகளை மிஷேல் லாங்லியும் சக ஆய்வாளரும் 2020 இல் ஆராய்ந்து, வில்லில் தொடுத்த அம்புகளின் முனைகள் அவை என்று காட்டினார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. குரங்கை வீழ்த்திய அம்பின் முனை குரங்கின் எலும்பிலேயே சீவப்பட்டிருக்கிறது.

குருவிட்டையின் பட்டதொம்ப குகை, கித்துல்கலையின் பெலி குகை என்று சப்ரகமுவ மலைகள் நெடுக இதே வாழ்க்கையின் மிச்சங்கள் கிடக்கின்றன. கெக்குணக் கொட்டை, காட்டு ஈரப்பலா, நத்தை, மந்தி. எதைத் தின்றார்கள் என்பதைப் பல்லும் சொல்லும். அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் செடியில் கரிமத்தின் இரு வகைகள் ஒரு விகிதத்தில் இருக்கும். திறந்த புல்வெளியில் வளரும் செடியில் அந்த விகிதம் வேறு. செடியைத் தின்ற விலங்கிலும், விலங்கைத் தின்ற மனிதனின் பல் எனாமலிலும் அதே கணக்கு பதிந்துவிடும். பற்றிக் றொபேட்ஸ் குழுவினர் 2015 இல் இலங்கையின் நான்கு தளங்களில் கிடைத்த பற்களை இப்படிச் சோதித்தார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 3,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, அந்தப் பற்களுக்கு உரியவர்கள் காட்டையும் காட்டோரத்தையும் நம்பியே உண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கேள்வி எழுகிறது. கி.மு. 7000 அளவில் பலூச்சிஸ்தானத்தின் மேர்கரில் ஆடும் மாடும் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதே காலத்தில் கிரேக்கத்திலும் வேளாண்குடிகள் வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். கி.மு. 3000 அளவில் கர்நாடகத்தில் பெரும் மாட்டுப்பட்டிகள் எழுந்தன. அதற்குப் பிறகும் 2,000 ஆண்டுகள் கழிந்தே இலங்கையில் மாடு உறுதியாகத் தெரிகிறது. விலங்குகளின் நடையையும் பழக்கத்தையும் இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தவர்கள் ஏன் ஒன்றையும் கட்டி வளர்க்கவில்லை?

காட்டில் விலங்கு இல்லாமல் போகவில்லை. காட்டெருமை இருந்தது, காட்டுப்பன்றி இருந்தது, இந்தத் தீவுக்கே உரிய காட்டுக்கோழி இருந்தது. இன்றும் யாலைக்கும் சிங்கராஜாவுக்கும் போனால் அந்தச் சேவலின் கூவல் கேட்கும். காட்டுமாடு கூட இருந்தது. தென்னிந்தியாவில் காட்டி என்றும் காட்டெருது என்றும் சொல்கிறார்களே, அந்தப் பெரிய விலங்குதான். கண்டி மன்னனின் ராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்: முதுகெலும்பு கூராக எழுந்து நிற்க, கால்கள் பாதிவரை வெள்ளையாக இருந்த அந்த விலங்கில் ஒன்றே ஒன்றைத்தான் அவர் கண்டார், அதுவும் அரசனின் விலங்குகளிடையே. இலங்கையில் அந்த இனம் பிறகு அற்றுப்போயிற்று. அதன் எலும்புகளை ஆராய்ந்து இலங்கைக்கு உரிய துணை இனமாகப் பெயரிட்டவர் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல.

இவற்றில் ஒன்றைக் கூட இங்குள்ளவர்கள் வீட்டு விலங்காக மாற்றவில்லை. நம் வீட்டுக் கோழியின் மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழி. நம் நாட்டு மாட்டின் மூதாதை சிந்து வெளியைச் சுற்றித் திரிந்த திமில் மாடு. யானையை நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கி வருகிறோம். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை காட்டிலிருந்து பிடித்துத்தான் பழக்கினோம். மனிதன் தன் கையில் வைத்து ஈன வைத்து, விரும்பியதை இணைத்து, இனத்தையே மாற்றினால்தான் அது வளர்ப்பு விலங்கு.

மந்தியை அப்படி மாற்ற முடியாது. அது ஈனுவது மெதுவாக. காட்டில் கனியும் இலையும் இருக்கும்வரை அதைக் கட்டிவைத்துத் தீனி போடுவதால் மனிதனுக்கு ஒரு லாபமும் இல்லை. மாடு வேறு. நாம் தின்ன முடியாத புல்லைத் தின்று நாம் குடிக்கக்கூடிய பாலாக்கித் தருகிறது. அதற்குப் புல்வெளி வேண்டும், வெயில் வேண்டும், நீர்நிலை வேண்டும். சப்ரகமுவ மழைக்காட்டில் இவற்றில் முதல் இரண்டுமே அரிது. அந்த வேட்டுவர் பின்தங்கியவர்கள் என்று பாடநூல்கள் எழுதுவதை நான் ஏற்கவில்லை. தங்கள் நிலத்துக்குப் பொருந்திய தொழிலை 40,000 ஆண்டுகளுக்கு மேல் கைவிடாமல் செய்தார்கள். அவ்வளவு காலம் தாக்குப்பிடித்த விவசாயம் உலகில் எங்கும் இல்லை.

நாய் மட்டும் முந்திக்கொண்டது. பெல்லன்பந்தி பலஸ்ஸ போன்ற இலங்கைக் கற்காலத் தளங்களில் நாய் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. உலகெங்கும் மனிதன் முதலில் வளர்த்த விலங்கு நாய்தான். அதை வளர்த்தவர்கள் விவசாயிகள் அல்லர், வேட்டுவர்கள். வளர்ப்பின் முதல் பாடம் வேட்டைக்குள்ளேயே தொடங்கியது.

வேட்டுவனுக்கும் பட்டிக்காரனுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் இறைச்சியில் இல்லை, உடைமையில் இருக்கிறது. காட்டில் ஓடும் மான் யாருடையதும் அல்ல. விழுந்த பிறகுதான் பங்கு பிரிக்கப்படும். பட்டியில் நிற்கும் பசு உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்குச் சொந்தம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் குறிசுடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கன்றின் தொடையில் காய்ச்சிய இரும்பால் வைக்கும் எழுத்து, அது இன்னும் பிறக்காத தன் கன்றுகளோடு சேர்த்து எந்தக் குடும்பத்தின் சொத்து என்று சொல்லிவிடும். வேட்டுவன் கொன்றால்தான் பயன். பட்டிக்காரனுக்குக் கொல்லாமல் வைத்திருப்பதில் பயன்.

அந்த வித்தியாசம் எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது. மாடு எந்த வயதில் இறந்தது என்பதைத் தாடைப் பல்லின் தேய்மானத்தையும், கால் எலும்பின் முனை தண்டோடு ஒட்டிவிட்டதா என்பதையும் பார்த்துக் கணிக்கலாம். காட்டு விலங்கை வேட்டையாடியவர்களின் குப்பையில், பாஹியன் குகையில் கண்டது போல, முதிர்ந்த விலங்குகள் மிகும். இறைச்சிக்காக வளர்த்தவர்கள் கடாக் கன்றை முழு உடம்பு வைக்கும்வரை விட்டு, இரண்டு மூன்று வயதில் வெட்டுவார்கள். அதற்கு மேல் தீனி போட்டால் நட்டம். பாலுக்காக வளர்த்தவர்கள் ஆண் கன்றுகளைச் சின்னதிலேயே கழித்துவிட்டுப் பசுக்களைக் கிழடாகும்வரை காப்பார்கள். கலப்பையும் வண்டியும் இழுத்த எருதின் குளம்பெலும்புகள் பருத்து, மூட்டில் திரண்டு கிடக்கும். ஒரு கூடை எலும்பு இருந்தால், ஊரில் என்ன தொழில் நடந்தது என்று நிதானமாகச் சொல்லிவிடலாம். செட்டியாரின் கணக்குப் புத்தகத்தைப் படிப்பது போன்ற வேலை அது.

மேர்கர் அகழாய்வை 1974 இல் தொடங்கியவர் ழான் பிரான்சுவா ழாரிஜ். அங்குள்ள எலும்புகளை ஆராய்ந்த றிச்சட் மெடோ கண்டது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஒரு மெதுவான மாற்றம். அடி மண்ணில் சின்கார மான், காட்டுக்கழுதை, நீலான் போன்ற காட்டு விலங்குகள் மிகுதி, ஆடு கொஞ்சம். மேலே வர வர மான் குறைந்து மாடு கூடுகிறது. கூடுவதோடு நிற்காமல் மாட்டின் உருவமும் சிறுக்கிறது. மனிதன் வளர்க்கத் தொடங்கிய விலங்கு காட்டுறவை விடச் சிறுப்பது உலகெங்கும் காணும் அடையாளம். அங்கே சில புதைகுழிகளில் இறந்தவரின் காலடியில் ஆட்டுக்குட்டிகளை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். வேட்டையிலிருந்து பட்டிக்கு நகர்ந்த அந்த ஊர், வேட்டையை ஒரே நாளில் விட்டுவிடவில்லை என்பதையும் அதே எலும்புகள் காட்டுகின்றன.

நமக்கு நெருங்கிய கதை கிருஷ்ணா, துங்கபத்திரை நதிகளின் கரையில் நடந்தது. பெல்லாரி, ராய்ச்சூர், கர்நூல், மஹபூப்நகர்ப் பக்கங்களில் சாம்பல் மேடுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சில, ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு உயரமானவை. உள்ளே தோண்டினால் வெந்து கண்ணாடி போல் உருகி இறுகிய கட்டிகள், பொடிச் சாம்பல், எரியாத சாணம் என்று அடுக்கடுக்காக வரும். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை வாலியை எரித்த சாம்பல் என்று ஊரார் சொல்வார்கள். எரிமலைக் குழம்பு என்றும் இரும்பு உருக்கிய கழிவு என்றும் பலர் ஊகித்த காலத்தில், அது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்று கண்டு சொன்னவர் றொபேட் புறூஸ் ஃபூட். 1863 இல் சென்னை பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே மனிதர்தான்.

அதற்கு மறுக்க முடியாத சான்றை 1957 இல் உட்னூரில் தோண்டிய றேமண்ட் ஓல்சின் கண்டார். சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே மாட்டின் குளம்படிகள். ஈரமாக இருந்த தரையில் மாடு மிதித்த பள்ளங்கள், மேலே சாம்பல் வந்து மூடியதால் 4,000 ஆண்டுகள் கலையாமல் இருந்திருக்கின்றன. சுற்றிலும் பனை மரத்தண்டுகளை நட்டு உள்வேலி, வெளிவேலி என்று இரண்டு வேலி அடைத்திருந்தார்கள். நட்ட குழிகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே மாடு, இரு வேலிக்கும் நடுவே மனிதர். கி.மு. 3 ஆம் ஆயிரவாண்டில் ஒரு மாலையில் பட்டி அடைத்த காட்சியை இவ்வளவு கிட்ட நின்று பார்க்கக்கூடிய இடம் தெற்காசியாவில் வேறொன்று இருப்பதாக நான் அறியவில்லை.

ஏன் எரித்தார்கள்? சாணம் எருவுக்கும் அடுப்புக்கும் உதவும் பொருள். அதைக் குன்றாகக் குவித்து, மறுபடி மறுபடி தீ வைத்திருக்கிறார்கள். உண்ணியும் ஈயும் ஒழியட்டும் என்று கொளுத்தியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஓல்சின், மாடுகளை நெருப்பைத் தாண்ட விடும் பண்டிகை வழக்கங்களோடு, பொங்கலையும் சேர்த்து, ஒப்பிட்டு, பருவத்துக்குப் பருவம் மந்தை இடம் பெயரும்போது நடந்த சடங்கு என்றார். எனக்கும் அந்தப் பக்கமே மனம் சாய்கிறது. பூச்சியை விரட்ட இவ்வளவு உயரக் குன்று வேண்டியதில்லை. எத்தனை மாடு இருந்தால் இவ்வளவு சாணம் சேரும் என்று தூரத்திலிருந்து வருபவனுக்கும் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்திருக்கிறது.

வட கர்நாடகத்தின் புதிஹாலில் கே. பத்தையா 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திய அகழாய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்தது. பட்டிக்கு அருகிலேயே மாடுகளை வெட்டிப் பங்கிட்ட தளம் ஒன்று வெளிப்பட்டது. கற்கத்திகளும் நொறுங்கிய எலும்புகளும் அங்கே செறிந்து கிடந்தன. சாணக்குன்று எழுப்பும் அளவுக்கு மாட்டைப் போற்றியவர்கள் மாட்டை உண்டார்கள். கூடவே மான் வகைகளையும் சிறு பிராணிகளையும் வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியமும் விதைத்தார்கள். ஒரு ஊருக்குள் மூன்று தொழில். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960 களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த புதிய கற்கால ஊரும் ஏறக்குறைய இதே வாழ்க்கையின் தெற்கு எல்லை: தரையில் குழி தோண்டிக் கட்டிய குடில், தேய்த்து மெருகிட்ட கற்கோடரி, கொள்ளு, பாசிப்பயறு.

சங்கத் தமிழர் நிலத்தைப் பிரித்த விதத்தில் இந்த நினைவு தங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். குறிஞ்சியில் வேட்டுவன், முல்லையில் ஆயன், மருதத்தில் உழவன். ஒருவர் மறைந்து மற்றவர் வந்ததாக அந்தப் பிரிவு சொல்லவில்லை. மூவரும் ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்து நிலத்தில், பண்டம் மாற்றிக்கொண்டு, ஆநிரை கவர்ந்துகொண்டு வாழ்கிறார்கள். கீழடியில் கிடைத்து புனேயின் டெக்கான் கல்லூரியில் ஆராயப்பட்ட எலும்புகளும் அதையே காட்டுகின்றன: பாதிக்கும் மேற்பட்டவை மாடு, எருமை, ஆடு, அவற்றோடு காட்டுப்பன்றி, கலைமான், நீலான், மயில். எழுத்தும் சுடுசெங்கலும் இருந்த ஊரில் வேட்டை நடந்துகொண்டேதான் இருந்தது.

இனி, இலங்கைக்கு மாடு வந்த வழி. இந்தியாவோடு இத்தீவை இணைத்திருந்த தரை, கடல் மட்டம் உயர்ந்து ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு மூழ்கிவிட்டது. அதன் பிறகு வந்த எந்த மாடும் வள்ளத்தில் வந்த மாடுதான். அநுராதபுரத்தில் சிரான் தெரணியகல 1969 இல் கெடிகேயில் தொடங்கிய அகழாய்வும், பின்னர் றொபின் கொனிங்ஹாமோடு சேர்ந்து தொடர்ந்த ஆய்வுகளும் காட்டும் வரிசை வியப்பானது. அடியில் வேட்டுவரின் சிறு கற்கருவிகள். அதற்கு மேல் கி.மு. 900 அளவில் இரும்பு, நெல், வளர்ப்பு மாடு, குதிரை எல்லாம் ஒருசேர வந்திறங்குகின்றன. நடுவே மற்ற நாடுகளில் காணும் புதிய கற்காலம் என்று சொல்லத்தக்க நீண்ட இடைக்கட்டம் தெளிவாகத் தெரியவில்லை. குதிரை இந்தத் தீவின் விலங்கே அல்ல. அதைப் படகில் ஏற்றிக் கடல் கடத்தியவர்களுக்குக் கன்றும் கிடாரியும் ஏற்றுவது பெரிய காரியமாக இருந்திராது. கால்களைக் கட்டிச் சாய்த்துக் கிடத்தினால், நல்ல காற்றில் பாக்கு நீரிணை ஒரு நாள் ஓட்டத்துக்குள் அடங்கும்.

மாட்டுக்கு ஏன் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதற்கும் அந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. உலர் வலயக் காட்டை வெட்ட இரும்புக் கோடரி வேண்டும். வெட்டிய இடத்தில் புல் வரும். தேக்கிய நீரில் நெல் வரும். நெல் வயலைச் சேறாக்கவும், அறுத்த கதிரைச் சூடு மிதிக்கவும் எருமையும் மாடும் வேண்டும். அறுப்பு முடிந்த வயலின் தாள் அவற்றுக்குத் தீனி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்தாலும் மற்றவை நிற்காது. அதனால்தான் எல்லாம் சேர்ந்து வந்தன. கி.மு. 900 இல் 10 ஹெக்டேயர் அளவிலிருந்த அநுராதபுரக் குடியிருப்பு கி.மு. 700 அளவில் 50 ஹெக்டேயராகப் பரந்துவிட்டது.

பெரும்போகம் விதைத்ததும் பட்டியைத் தூரத்து மேய்ச்சல்தரைக்குக் கொண்டுபோவதும், அறுப்பு முடிந்ததும் வயலுக்குத் திருப்புவதும் மட்டக்களப்பில் இன்றும் நடக்கிற காரியம். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரை பறிபோகிறது என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தைச் செய்தியாக வாசித்திருப்பீர்கள். தரையை இழந்தால் பட்டி முழுதும் வயலுக்குள் நிற்க வேண்டி வரும். உழவனும் பட்டிக்காரனும் மோதிக்கொள்வார்கள். நெல்லும் மாடும் ஒரே நிலத்தில் பருவம் மாற்றிப் பிழைக்கும் இந்த ஏற்பாடு மூவாயிரம் ஆண்டு வயதுடையது. அதை இரண்டு மூன்று ஆண்டு நிர்வாக அலட்சியத்தில் குலைத்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

ஐரோப்பாவில் நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நம் கதையின் உடன்பிறப்பு. அங்கும் காடுகளில் ஓறொக்ஸ் என்ற பெரிய காட்டுமாடும் காட்டுப்பன்றியும் திரிந்தன. ஆனால் வேளாண்குடிகள் வளர்த்த மாடு அனதோலியாவிலிருந்து கூட்டி வந்த மாடு. மரபணு ஆய்வுகள் அதை உறுதியாகக் காட்டிவிட்டன. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஐரோப்பியக் காட்டில் மூதாதையே இல்லை. கோர்சிகாத் தீவில் காடோடித் திரியும் மூஃப்ளோன் ஆடு கூட அந்தப் புதிய கற்கால மந்தையிலிருந்து தப்பிய ஆட்டின் வம்சம்தான். உள்ளூரின் ஓறொக்ஸ் மாடு வேட்டைக்கு மட்டுமே இலக்கானது. கடைசி ஓறொக்ஸ் போலந்தின் யாக்டொரோவ் காட்டில் 1627 இல் இறந்தது. நொக்ஸ் கண்டி அரசனிடம் ஒற்றைக் காட்டுமாட்டைப் பார்த்தது அதே நூற்றாண்டில். வந்தேறிய மாடு பெருகப் பெருக, சொந்தக் காட்டுமாட்டுக்கு மேய இடமில்லாமல் போனது இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே நடந்திருக்கலாம்.

மந்தை வைத்திருந்த அந்த ஐரோப்பியர் வேட்டையை எப்போது நாடினார்கள் என்பதற்கு ஸூரிச் ஏரிக்கரை ஊர்கள் நல்ல சாட்சி. மரத்தூண்கள் சேற்றில் அழியாமல் இருந்ததால், மரவளையங்களை எண்ணி ஊர்களின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்ல முடிகிறது. யோர்க் ஷிப்லர் அங்குள்ள எலும்புகளை ஆராய்ந்தபோது, கி.மு. 37 ஆம் நூற்றாண்டில் குளிரும் மழையும் மிகுந்து விளைச்சல் கெட்ட காலத்தில் செம்மான் எலும்புகள் திடீரெனப் பெருகுவதைக் கண்டார். மந்தையை வெட்டித் தின்றுவிட்டால் அடுத்த ஆண்டுக்கு மாடு இல்லை. ஆகவே காட்டுக்குப் போனார்கள். வேட்டை அவர்களுக்குப் பஞ்ச காலத்துப் பத்தாயம்.

அல்ப்ஸ் பனியில் 1991 இல் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதனின் உடலோ இன்னும் நேரடியான சான்று. அவன் கி.மு. 3300 அளவில், செப்புக்காலத்தில் இறந்தவன். மேலங்கி வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் சேர்த்துத் தைத்தது. காலணியின் வார் மாட்டுத்தோல். தொப்பி கரடித்தோல், அம்பறாத்தூணி மான் தோல். வயிற்றில் கடைசியாக உண்ட மலையாட்டு இறைச்சியும் செம்மான் இறைச்சியும் கோதுமை வகைத் தானியமும். வளர்த்ததை உடுத்தி, வேட்டையாடியதை உண்டு, விதைத்ததைத் தொட்டுக்கொண்ட ஒரே மனிதன்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டக்களப்புத் தயிர்ச் சட்டிகளைப் புறக்கோட்டைக் கடைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். மெருகிடாத மண் சட்டி. வெளிப்புறம் எப்போதும் கசிந்து ஈரமாக இருக்கும். தயிர் தீர்ந்த சட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், கொழுப்பின் வாடை போயிருக்காது. மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கிய கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே இருக்கும். பால் கொழுப்பிலும் இறைச்சிக் கொழுப்பிலும் ஒரே கொழுப்பமிலம் கரிமத்தின் வெவ்வேறு விகிதத்தைக் காட்டும், ஏனென்றால் மாட்டின் மடி அதைத் தானே செய்ய முடியாமல் தீனியிலிருந்து பெறுகிறது. இந்த முறையால் றிச்சட் எவர்ஷெட் குழுவினர் 2008 இல், கி.மு. 7 ஆம் ஆயிரவாண்டில் மர்மரா கடலோரத்தில் பால் பயன்பட்டதைக் காட்டினார்கள். போலந்தில் கிடைத்த, துளையிட்ட மண்பாத்திரங்கள் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு பாலாடைக்கட்டி வடித்தவை என்று 2013 இல் தெரிந்தது. குஜராத்தின் கோட்டடா பட்லியில் கி.மு. 2500 அளவிலேயே பால் பதப்படுத்தியதை கல்யாண் சேகர் சக்ரவர்த்தி குழு 2020 இல் வெளியிட்டது.

விந்தை என்னவென்றால், அந்த முதல் ஐரோப்பிய வேளாண்குடிகளுக்கு வளர்ந்த பிறகு பால் செரிக்கும் மரபணு இல்லை. அவர்களின் எலும்பில் தேடியும் கிடைக்கவில்லை. பச்சைப் பால் வயிற்றைக் கலக்கும். தயிராக்கினால், பாலாடைக்கட்டியாக்கினால், சிக்கல் தரும் சர்க்கரையை நுண்ணுயிர்களே தின்றுவிடும். உறையூற்றும் வித்தை முதலில் வந்தது, உடம்பு பிறகு மாறியது. தென்னிந்தியரிலும் இலங்கையரிலும் பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாமலும் தயிர் ஒத்துக்கொள்ளவும் செய்வது அந்தப் பழைய கணக்கின் மிச்சம்.

இந்தச் சோதனைகள் நம் மண்ணுக்கும் வர வேண்டும் என்பதே என் விருப்பம். கந்தரோடை, பொம்பரிப்பு, 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தோண்டிய ஆனைக்கோட்டை: கறுப்பு சிவப்பு மண்பாண்டம், தாழி, முத்திரை, நாணயம் என்று பேசுகிறோம். அந்தப் பாண்டங்களில் சமைத்தது எது, அந்தத் தெருக்களில் நின்ற மாடு எந்த வயதில் வெட்டப்பட்டது என்பதை அதே ஆர்வத்தோடு கேட்க வேண்டும். அதற்கு முதலில் எலும்பை எலும்பாக மதித்துப் பொறுக்க வேண்டும். கையால் பொறுக்கினால் மாட்டின் தொடையெலும்பும் தாடையும் அகப்படும். அணிலின் விரலெலும்பும் மீனின் முள்ளும் மண்ணோடு போய்விடும். பிறகு அறிக்கையில் இந்த ஊரார் மாடு மட்டும் வளர்த்தார்கள், வேட்டையாடவில்லை என்று எழுதிவிடுவோம். பாஹியன் குகையிலும் பட்டதொம்ப குகையிலும் மந்தியும் மலை அணிலும் நத்தையும் தெரிய வந்தது, தோண்டிய மண்ணை நுண்ணிய சல்லடையில் இட்டு நீரில் அலசி, மிஞ்சியதைத் தட்டில் பரப்பி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்ததால்தான். யாழ்ப்பாணத்தில் அடுத்த குழி தோண்டும் முன் வாங்க வேண்டிய சாமான் பட்டியலில், அளவு நாடாவுக்கும் கமராவுக்கும் முன்னால், இரண்டு மில்லிமீற்றர் கண்ணுள்ள சல்லடை இருக்க வேண்டும். அதை அலச ஒரு தண்ணீர்த் தாங்கியும், பொறுக்க நான்கு மாணவர்களும்.